ரிங்கை எட்டாத கூச்சல்

ரே மிஸ்டீரியோவை வெறுக்க யாருக்கும் காரணம் இருந்ததில்லை. முகமூடி போட்ட ஐந்தரை அடி மனிதர். மலைபோல நிற்கும் ஆட்களுக்கு நடுவே கயிற்றில் தாவி, காற்றில் சுழன்று உதைப்பார். '619' என்று அந்த உதையின் பெயரைச் சொன்னாலே பிள்ளைகள் துள்ளுவார்கள். அப்படிப்பட்டவரைப் பார்த்து ஓர் அரங்கமே ஊளையிட்டது. 2014 ஜனவரி 26, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரம், டபிள்யூடபிள்யூஇ கம்பெனியின் 'ராயல் ரம்பிள்' போட்டி.

விதி எளிது. முப்பது பேர் சிறு இடைவெளிவிட்டு ஒவ்வொருவராக ரிங்குக்குள் வருவார்கள். மேல் கயிற்றைத் தாண்டி வெளியே விழுந்தவர் அவுட். கடைசியில் மிஞ்சுபவருக்கு 'ரெஸில்மேனியா' மேடையில் பட்டத்துக்கு மோதும் வாய்ப்பு. அன்று 29 பேர் வந்து முடித்திருந்தார்கள். முப்பதாவது ஆளாக டேனியல் பிரையன் வருவார் என்று மொத்த அரங்கமும் காத்திருந்தது. மணி அடித்தது. வந்தவர் மிஸ்டீரியோ. அவர் செய்த ஒரே தப்பு, அவர் பிரையனாக இல்லாததுதான்.

பிரையன் கம்பெனியின் செல்லப்பிள்ளை அல்ல. பெரிய உடம்பு கிடையாது, சினிமா முகம் கிடையாது. சின்னச் சின்ன அரங்குகளிலும் ஜப்பானிலும் வருடக்கணக்கில் அடிபட்டுத் தொழில் கற்று வந்தவர். 2012 ரெஸில்மேனியாவில் அவரைப் பதினெட்டே விநாடிகளில் தோற்கடித்து ஓரங்கட்டினார்கள். மறுநாளே ரசிகர்கள் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் உயர்த்தி 'யெஸ்! யெஸ்!' என்று கத்த ஆரம்பித்தார்கள். அந்தக் கத்தல் இரண்டு வருடம் ஓயவில்லை. அப்படியும் 2014 ரம்பிளில், நான்கு வருடம் கழித்துத் திரும்பி வந்திருந்த பட்டிஸ்டாவைத்தான் ஜெயிக்கவைத்தார்கள். ஓய்வுபெற்ற வீரர் மிக் ஃபோலியே, இந்தக் கம்பெனிக்குத் தன் ரசிகர்கள்மீது வெறுப்பா என்று பகிரங்கமாகக் கேட்டார். கூச்சல் அன்றோடு நிற்கவில்லை. பட்டிஸ்டா வாய் திறந்த இடமெல்லாம் தொடர்ந்தது.

கடைசியில் கம்பெனி பணிந்தது. ஏப்ரல் 6, நியூ ஆர்லியன்ஸ், ரெஸில்மேனியா 30. முதல் ஆட்டத்தில் ட்ரிபிள் ஹெச்சை வென்ற பிரையன், அதே இரவில் கடைசி ஆட்டத்தில் ராண்டி ஆர்ட்டனும் பட்டிஸ்டாவும் இருந்த மும்முனை மோதலையும் வென்றார். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விரலை உயர்த்தி ஆர்ப்பரித்தார்கள். ஜெயித்தது பிரையன் மட்டுமல்ல என்பது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். முன்கூட்டியே முடிவெழுதிய ஓர் ஆட்டத்தின் முடிவை, டிக்கெட் வாங்கியவன் தொண்டையாலேயே திருத்தி எழுதிவிட்டான்.

நீண்ட நாள் ரசிகர்கள் பலர் இன்று அந்த இரவைப் பற்றிப் பேசும்போது, இறந்துபோன ஒருவரின் கடைசி நல்ல நாளைப் பற்றிப் பேசும் தொனி வந்துவிடுகிறது. ஆனால், சாகவேண்டிய கம்பெனி சாகவில்லை. அதன் வரலாற்றில் இப்போதுபோல் பணம் கொழித்ததே இல்லை. தேய்ந்துபோனது ரசிகன்தான்.

தெரிந்தே ஏமாறுதல்

"அதெல்லாம் செட்டிங்தானேப்பா?" மல்யுத்த ரசிகனாக வளர்ந்த எவரும் இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுச் சலித்திருப்பார். கேட்பவர் ஏதோ ரகசியத்தை உடைத்துவிட்ட மகிழ்ச்சியில் இருப்பார். உண்மையில் அந்த ரகசியத்தை உடைத்ததே கம்பெனிதான். 1989-இல் நியூ ஜெர்சி மாநில செனட் முன்பு, இது போட்டி விளையாட்டு அல்ல, வெறும் கேளிக்கை என்று வின்ஸ் மெக்மேனின் நிறுவனமே ஒப்புக்கொண்டது. விளையாட்டு என்றால் அரசு ஆணையத்தின் கட்டுப்பாடும் கட்டணமும் உண்டு. கேளிக்கை என்றால் தப்பிக்கலாம். அவ்வளவுதான் கணக்கு. பல தலைமுறை மல்யுத்தக்காரர்கள் 'கேஃபேப்' என்ற பெயரில் உயிர்போலக் காத்த ரகசியம், வரிச் சிக்கனத்துக்காகக் கைவிடப்பட்டது.

அதனால் ஒரு ரசிகனும் போய்விடவில்லை. திரௌபதி அம்மன் திருவிழாவின் படுகளத்தில் கிடக்கும் துரியோதனன் களிமண் என்று தெரியாமலா ஊரே கூடி நிற்கிறது? தெரிந்தே நிற்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மல்யுத்தம் ரசிகனிடம் கேட்டது நம்பிக்கையை அல்ல, கூட்டு நடிப்பை. வில்லனைப் பார்த்து நிஜமாகக் கத்துவது அவன் பங்கு. அந்தக் கத்தலைக் காதில் வாங்கி அடுத்த வாரத்துக் கதையை எழுதுவது கம்பெனியின் பங்கு.

இந்த ஒப்பந்தம் நம்மூர்ப் பிள்ளைகளுக்குத் தெரியாது. இங்கே அண்டர்டேக்கர் என்ற வீரருக்கு ஏழு உயிர். அதில் எத்தனை போய் எத்தனை மிச்சம் என்பது பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் மாறும். ரேங்க், உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ் என்று அச்சடித்த ட்ரம்ப் கார்டுகளை வைத்து மாலையெல்லாம் போர் நடக்கும். 2002-இல் 'டென் ஸ்போர்ட்ஸ்' வந்த பிறகு வாரம் தவறாமல் பார்க்க முடிந்தது. அமெரிக்கத் திங்கள் இரவு நமக்குச் செவ்வாய்க் காலை என்பதால், பாதி ஆட்டத்தில் பள்ளிக்குக் கிளம்ப வேண்டிவரும். அந்த வயதில் கேள்வியே கிடையாது. கேள்வி வந்த பிறகும் ரசித்தவர்கள்தான் நிஜ ரசிகர்கள் ஆனார்கள்.

கூட்டம் பெற்ற பிள்ளைகள்

தொண்ணூறுகளின் இரண்டு பெரிய நட்சத்திரங்களுமே கம்பெனி திட்டமிட்டு உருவாக்கியவர்கள் அல்லர்.

1996-இல் 'கிங் ஆஃப் தி ரிங்' பட்டத்தை ட்ரிபிள் ஹெச்சுக்குத்தான் வைத்திருந்தார்கள். அதற்கு முந்தைய மாதம் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், கம்பெனியை விட்டுப் போகும் நண்பர்களை அவர் ரிங்குக்குள்ளேயே கட்டித்தழுவி வழியனுப்பினார். கதையில் எதிரிகள், எல்லார் கண்ணெதிரிலும் நண்பர்கள், கேஃபேப் மீறல். அதற்குத் தண்டனையாக வாய்ப்பு கைமாறி ஸ்டீவ் ஆஸ்டினுக்குப் போனது. ஜெயித்த கையோடு மைக்கைப் பிடித்து ஆஸ்டின் பேசிய சில நிமிடங்கள் போதுமாக இருந்தன. அவர் அப்போது வில்லன். ஆனால், 'ஆஸ்டின் 3:16' என்று தாங்களே எழுதிய அட்டைகளோடு ரசிகர்கள் வர ஆரம்பித்தார்கள். அடுத்த ஆண்டு ரெஸில்மேனியா 13-இல் பிரெட் ஹார்ட்டின் பிடியில் முகமெல்லாம் ரத்தம் வழிய, தோல்வியை ஒப்புக்கொள்ளாமலே மயங்கிச் சரிந்தார் ஆஸ்டின். வில்லனாக உள்ளே போனவர் நாயகனாக வெளியே வந்தார். நாயகனாகப் போன ஹார்ட் வில்லனானார். ஒரே ஆட்டத்தில் இருவரும் இடம் மாறியது எனக்குத் தெரிந்து மல்யுத்தக் கதைசொல்லலின் உச்சம். அதற்குப் பிறகு வந்த எதையும் அதற்குப் பக்கத்தில்கூட வைக்க மாட்டேன்.

மற்றவர் ராக். புன்னகை மாறாத நல்ல பிள்ளை 'ராக்கி மைவியா'வாக அவரை அறிமுகப்படுத்தினார்கள். இந்தச் சர்க்கரைப்பாகைக் கூட்டம் துப்பியது, செத்துப்போ என்று தாளம் போட்டுக் கத்தியது. கம்பெனி அவரை வில்லனாக்கியது. அந்த வெறுப்பையே தீனியாகத் தின்று அவர் ராக் ஆனார்.

அன்று கம்பெனி இப்படிக் காது கொடுத்ததற்குக் காரணம் பெருந்தன்மை இல்லை, பயம். டெட் டர்னரின் டபிள்யூசிடபிள்யூ அதே திங்கள் இரவில் போட்டி நிகழ்ச்சி நடத்தி, தொடர்ந்து 83 வாரம் பார்வையாளர் எண்ணிக்கையில் ஜெயித்துக்கொண்டிருந்தது. ரிமோட் ரசிகன் கையில் இருந்தது. 1999 ஜனவரி 4 அன்று டபிள்யூசிடபிள்யூ வர்ணனையாளர், முன்பே பதிவாகியிருந்த எதிர் நிகழ்ச்சியில் மிக் ஃபோலி பட்டம் வெல்லப்போகிறார் என்று போட்டு உடைத்து, அதனால் அரங்கம் நிரம்பிவிடும் பாருங்கள் என்று நக்கலும் அடித்தார். அடுத்த நிமிடங்களில் லட்சக்கணக்கானவர்கள் ஃபோலி ஜெயிப்பதைப் பார்க்கச் சேனலை மாற்றிவிட்டார்கள். முடிவு தெரிந்த பிறகும் போனார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

2001 மார்ச்சில் டபிள்யூசிடபிள்யூ-வைப் போட்டியாளரே சில மில்லியன் டாலருக்கு, கிட்டத்தட்ட காயலான் கடை விலைக்கு, வாங்கிக்கொண்டார். அதன் ரசிகர்கள் இந்தப் பக்கம் வந்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். பெரும்பகுதி வரவில்லை, மல்யுத்தம் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். ரசிகன் கம்பெனி மாறுவதில்லை, காணாமல்தான் போகிறான் என்று அன்றே தெரிந்திருக்க வேண்டும். ஆனால், சேனல் மாற்ற வேறு சேனல் இல்லாத உலகில் அதைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்?

வாடகை வருமானம்

மல்யுத்தக் கம்பெனிகள் பல காலம் டிக்கெட்டிலும், பிறகு தனிக்கட்டண ஒளிபரப்பிலும் பிழைத்தன. இரண்டுமே நேரடித் தேர்தல். பிடிக்கவில்லை என்றால் இந்த மாதம் வாங்க மாட்டான், கல்லா காலியாகும், கதை மாறும். பிறகு வருமானத்தின் ஊற்று வேறு பக்கம் திரும்பியது. நேரலை நிகழ்ச்சிகளுக்கு அமெரிக்கத் தொலைக்காட்சிகள் அடித்துக்கொண்டன. திங்கள் இரவு நிகழ்ச்சியான 'ரா'வைப் பார்ப்போர் எண்ணிக்கை வருடா வருடம் சரிந்துகொண்டிருந்த 2018-இல், இன்னொரு வார நிகழ்ச்சியான 'ஸ்மாக்டவு'னின் ஐந்தாண்டு உரிமைக்கு மட்டும் ஃபாக்ஸ் நிறுவனம் 100 கோடி டாலருக்கு மேல் கொடுத்தது. அதே ஆண்டு சவூதி அரேபியாவுடன் பத்தாண்டு ஒப்பந்தம். பல ஆண்டுப் பணம் முன்கூட்டியே உறுதியாகிவிட்ட பிறகு, செவ்வாய்க் காலை யார் முகம் சுளித்தால் என்ன?

இதன் அப்பட்டமான சாட்சி 2020. கொரோனா வந்தது. அந்த ஆண்டு ரெஸில்மேனியா, ஆர்லாண்டோவில் உள்ள கம்பெனியின் பயிற்சிக்கூடத்தில் ஒரு பார்வையாளர்கூட இல்லாமல் நடந்தது. அடி விழும் சத்தமும் மூச்சிரைப்பும் மட்டும் கேட்டது. சில நாள்களில் பல வீரர்களையும் ஊழியர்களையும் வேலையிலிருந்து நீக்கினார்கள். ஆகஸ்டில் 'தண்டர்டோம்' வந்தது. ரிங்கைச் சுற்றி ராட்சத எல்இடி பலகைகள், அவற்றில் வீட்டில் உட்கார்ந்திருக்கும் ரசிகர்களின் முகங்கள். சத்தம்? அதைக் கம்பெனியே ஒலிபெருக்கியில் போட்டது. யாருக்கு ஆரவாரம், யாருக்கு ஊளை என்பதைப் பொத்தானை அழுத்துபவர் முடிவு செய்தார். ரசிகனின் முகம் இருந்தது, குரல் இல்லை. அந்த ஆண்டுதான் கம்பெனி அதுவரை காணாத லாபத்தைக் கண்டது.

சொல்லியே ஆகவேண்டிய ஒன்று உண்டு. ரோமன் ரெயின்ஸ் தன் குடும்பத்தையே அடிமைப்படுத்தும் 'பிளட்லைன்' கதை முளைத்ததும் அதே வெற்று அரங்கில்தான். 2015 ரம்பிளில் ஃபிலடெல்ஃபியா கூட்டம் காறித் துப்பிய அதே ரெயின்ஸ். அன்று அவர் கையை உயர்த்திப் பிடிக்க ராக்கே வந்தும் கூச்சல் அடங்கவில்லை. ராக்கின் முகம் குழம்பியதைக் கேமரா காட்டியது. ஐந்து வருடம் அவரை நாயகனாக ஊட்டிவிட்டுத் தோற்றவர்கள், ரசிகர்கள் கெஞ்சியதுபோல வில்லனாக்கியபோது தங்கம் விளைந்தது. அப்போது கைதட்ட அரங்கில் ஆள் இல்லை.

கோபம் அல்ல, சலிப்பு

இந்தக் கம்பெனி ரசிகனின் மனசாட்சியைச் சோதித்த தருணங்கள் ஏராளம். 1999 மே மாதம் கான்சாஸ் சிட்டியில் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கும்போது விழுந்து வீரர் ஓவன் ஹார்ட் இறந்தார். நிகழ்ச்சியைத் தொடர்ந்து நடத்தினார்கள். வீரர்கள் இன்றும் ஊழியர்கள் அல்லர், ஒப்பந்தக்காரர்கள். சவூதி பத்திரிகையாளர் கஷோகி கொலையால் உலகமே அதிர்ந்திருந்த 2018 நவம்பரில் ரியாத்தில் ரிங் போட்டார்கள். 2024 ஜனவரியில் முன்னாள் பெண் ஊழியர் ஒருவர் தொடுத்த பாலியல் வன்கொடுமை வழக்குக்குப் பிறகு வின்ஸ் மெக்மேன் பதவி விலகினார். குற்றச்சாட்டுகளை அவர் மறுக்கிறார்.

ஒவ்வொரு முறையும் ரசிகர்கள் கொதித்தார்கள். ஒவ்வொரு முறையும் அடுத்த வாரம் பார்த்தார்கள். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, நானும் பார்த்தேன். கோபம் ரசிகனை விரட்டுவதில்லை. கோபப்படுகிறவன் இன்னும் உள்ளேதான் இருக்கிறான். அவனை வெளியே தள்ளுவது சலிப்பு, அது சத்தமில்லாமல் வேலை செய்கிறது. 2012-இல் 'ரா'வை மூன்று மணி நேரமாக நீட்டினார்கள். அதை நிரப்ப, அதே இருவர் வாராவாரம் மோதினார்கள். யாராவது குறுக்கே வருவார், கவனம் சிதறும், ஆட்டம் முடியும். முதலில் மூன்றாவது மணி நேரத்தை விட்டோம். பிறகு யூடியூபில் துண்டுகள் மட்டும். பிறகு முடிவுகளை மட்டும் படித்தோம். ஒரு நாள் பட்டம் யாரிடம் இருக்கிறது என்றே தெரியாமல்போனது.

2019-இல் வந்த போட்டிக் கம்பெனியான ஏஇடபிள்யூ கொஞ்ச காலம் பழைய தீயை மூட்டியது. 2023-இல் லண்டன் வெம்ப்ளி அரங்கை நிரப்பவும் செய்தது. அதே இரவில் மேடைக்குப் பின்னால் நடந்த கைகலப்பால் நட்சத்திர வீரர் சிஎம் பங்கை வெளியேற்றி, தன் ரசிகர்களைத் தானே இரண்டாக உடைத்துக்கொண்டது. அது தனிக்கதை.

கடைசியாக ஒருமுறை

2024 பிப்ரவரியில் பழைய மந்திரம் திரும்பியதுபோல் இருந்தது. அந்த ஆண்டு ரம்பிளை வென்ற கோடி ரோட்ஸை நகர்த்திவிட்டு, ரெயின்ஸுடன் மோதும் இடத்தை ராக்குக்குக் கொடுக்கப் பார்த்தார்கள். ராக் அதற்குச் சில நாள்கள் முன்புதான் தாய் நிறுவனமான டிகேஓ-வின் இயக்குநர் குழுவில் சேர்ந்திருந்தார். முதலாளியே நாயகன். இணையமும் அரங்கமும் கொந்தளித்தன. ஒரு வாரத்துக்குள் கம்பெனி திரும்பியது. கோடி தன் இடத்தைப் பெற்று ஏப்ரலில் பட்டத்தையும் வென்றார். விட்டுப்போன எத்தனையோ பேர் அந்த ரெஸில்மேனியாவுக்குத் திரும்பி வந்தார்கள். வந்தவர்கள் கண்ணில் பட்டது இன்னொன்று: ரிங்கின் நட்டநடுவே, வீரர்கள் ரத்தம் சிந்தும் துணிமேல், ஒரு குளிர்பான விளம்பரம்.

அடுத்த ஆண்டு ஜான் சீனாவின் விடைபெறும் பயணம். இருபது வருடமாக நல்லவர் வேடம் கலைக்காதவர், 2025 மார்ச் 1 அன்று டொரன்டோவில் ராக்கின் கண்ணசைவில் கோடியை அடித்து வில்லனானார். ரசிகர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோன திருப்பம் அது. என் தலைமுறைக்கு நரம்பெல்லாம் புடைத்தது. பிறகு? ராக் வரவே இல்லை. ரெஸில்மேனியா கடைசி ஆட்டத்தில் அவருக்குப் பதில் ஒரு ராப் பாடகர் குறுக்கே வந்தார். ஆகஸ்டில் சீனா, காரணம் பெரிதாக எதுவும் இல்லாமல், மறுபடி நல்லவரானார். இருபது வருடம் காத்திருந்த கதை ஆறு மாதத்துக்குள் கரைந்தது.

அதே காலத்தில் பணப்பெட்டியைப் பாருங்கள். 'ரா'வுக்கு நெட்ஃப்ளிக்ஸ் பத்தாண்டுக்கு 500 கோடி டாலர். அமெரிக்காவில் பெரிய நிகழ்ச்சிகள் ஈஎஸ்பிஎன்னுக்கு. பார்க்க வேண்டுமானால் 2025-இல் மாதம் 29.99 டாலர். 2014-இல் கம்பெனியின் சொந்தச் செயலி 9.99 டாலருக்கு அவை எல்லாவற்றையும் கொடுத்தது. இந்தியாவில் 2025 ஏப்ரலில் சோனியிலிருந்து நெட்ஃப்ளிக்ஸுக்கு மாறியது. கேபிளில் பார்த்த வீடுகள் பல அப்படியே கழன்றுகொண்டன. அமெரிக்க அரங்குகளிலும் டிக்கெட் விலை ஏறியது. வின்ஸ் காலத்தில் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகும்படி விலை வைத்ததால் வரவேண்டிய வருமானம் வராமல் போனது என்ற பொருள்படும்படி டிகேஓ தலைவர் மார்க் ஷாபிரோ முதலீட்டாளர்களிடம் பேசினார். ரசிகனுக்கு வின்ஸ் மெக்மேனைக் கருணை வள்ளலாகத் தோன்றவைத்த சாதனை அவருடையது.

2025 டிசம்பர் 13, வாஷிங்டன். சீனாவின் கடைசி ஆட்டம். 'ஒருபோதும் விட்டுக்கொடுக்காதே' என்று சட்டையில் எழுதி விற்றவர், குந்தரின் பிடியில் சிக்கி, லேசாகச் சிரித்துவிட்டுத் தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். அரங்கம் வெடித்தது. கதைப் பொறுப்பாளரான ட்ரிபிள் ஹெச் மேடைக்கு வந்ததும் ஊளை இன்னும் பெரிதானது. போகிறவர் இருப்பவரிடம் தோற்றுவிட்டுப் போவது இந்தத் தொழிலின் நல்ல மரபு. அந்த முடிவில் எனக்குக் குறை இல்லை. என்னை உறுத்தியது வேறு. பிட்ஸ்பர்க் கூட்டம் கத்தியபோது, அடுத்து என்ன செய்வார்களோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வாஷிங்டன் கத்தியபோது, எதுவும் செய்ய மாட்டார்கள் என்று முன்பே தெரிந்திருந்தது.

2027 ரெஸில்மேனியா ரியாத்தில். ஊரும் ஆண்டும் எப்போதோ முடிவாகிவிட்டன. கதை மட்டும்தான் பாக்கி.

விட்டுப்போனவர்கள் என்ன பார்க்கிறார்கள்? பெரும்பாலும் பழையதை. 1997-இன் ஹார்ட்-ஆஸ்டின், 1998-இல் கூண்டின் உச்சியிலிருந்து ஃபோலியை அண்டர்டேக்கர் வீசியது, டபிள்யூசிடபிள்யூ-வின் திங்கள் இரவுகள். அத்தனை ஒளிநாடாக்களும் இன்று ஒரே கம்பெனியின் சொத்து. அதற்கென்றே 'வால்ட்' என்று ஒரு யூடியூப் சேனல் நடத்துகிறார்கள். இலவசம்தான், நடுநடுவே விளம்பரம் வரும்.